சொல்லிச் செய்யும் கத்தி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கடையில் வாங்கிய வெட்டுக்கத்தி பிடி ஆடிப்போய்க் கிடக்கிறது. இனி கொல்லாசாரியிடம் சொல்லிச் செய்யலாமென்று பட்டறைக்குப் போனால், "எதுக்கு?" என்கிறார். "வீட்டு உபயோகத்துக்கு" என்ற பதில் அவருக்குப் போதவில்லை. வேறு என்னதான் சொல்வது?
– வாசகர், களியக்காவிளை

பதில்: அந்த ஆசாரியை விட்டுவிடாதீர்கள். எதுக்கு என்று கேட்காமல் முன்பணம் வாங்குகிறவரிடம்தான் யோசிக்க வேண்டும்.

தென்னோலை, வாழைக்குலை, வேலிக்கம்பு என்று பச்சையாக வெட்டுவதற்கு 10 அங்குல அலகு, பிடியோரம் முதுகு 5 முதல் 6 மி.மீ., மூக்குப் பக்கம் 3 மி.மீ., பிடியோடு அரைக் கிலோ எடை போதும். வாய்ச் சரிவு, அதாவது வெட்டும் ஓரத்தின் சரிவு, பக்கத்துக்கு 20 டிகிரி. விறகும் எலும்பும் வெட்டுவீர்களானால் முதுகு 8 மி.மீ. வரை போகலாம், எடை முக்கால் கிலோவை எட்டும், சரிவு 25 முதல் 30 டிகிரி வேண்டும். ஒரே கத்தி இரண்டுக்கும் ஆகாது. விறகுக்கு அடித்த கத்தி வாழைத்தண்டில் சறுக்கும்; வாழைக்கு அடித்தது எலும்பில் பல் விழும்.

முதுகு பிடியிலிருந்து மூக்குவரை படிப்படியாக மெலிய வேண்டும் என்று குறிப்பாகச் சொல்லுங்கள். கடைக்கத்தி பெரும்பாலும் தகட்டில் வெட்டி எடுப்பது, அதனால் முழுக்க ஒரே கனம். முன்பாரம் மணிக்கட்டை இழுக்கும். சுத்தியலால் அடித்து மெலிய வைப்பதற்குத்தான் கைவேலைக்குக் கூலி கொடுக்கிறோம். இடதுகைக்காரர் என்றால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒருபக்கச் சரிவு வைக்கிற ஆசாரி வலதுகைக்கே வைத்துவிடுவார்.

பிடி ஆடுவதற்குப் பெரும்பாலும் காரணம் ஈரமரம். காயாத மரத்தில் பூணை இறுக்கி அடித்தால் மரம் காய்ந்து சுருங்கும், பூண் தளரும், அப்புறம் பிடிக்குள் போகும் அலகின் வாலும் தளரும். ஒரு வருடமாவது நிழலில் காய்ந்த புளி, கொய்யா, வேங்கை கேளுங்கள். உங்கள் பக்கம் மலிவாகக் கிடைக்கும் ரப்பர் மரம் வேண்டாம். மருந்தேற்றாத ரப்பர் மரத்தை வண்டு துளைத்துவிடும். நீளத்துக்கு உள்ளங்கை அகலத்தோடு இரண்டு விரல் கூட்டிக்கொள்ளுங்கள். உள்ளே போகும் வால் பிடியின் பாதிக்கு மேலாவது போக வேண்டும்.

கேள்வி: "லாரி பட்டாவில் அடித்தது" என்று சொல்லித்தான் எல்லாரும் விற்கிறார்கள். உண்மையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, செங்கோட்டை

பதில்: பட்டா என்பது லாரியின் அடியில் அடுக்கடுக்காக இருக்கும் வில்பட்டை. அதில் கார்பன் ஏறக்குறைய 0.5 முதல் 0.6 சதவீதம், வெட்டுக்கத்திக்கு அருமையான எஃகு. ஜன்னல் கம்பி, கேட்டுக்குப் போடும் பட்டை எல்லாம் 0.25 சதவீதத்துக்கும் கீழே. அதை எவ்வளவு காய்ச்சித் தண்ணீரில் முக்கினாலும் கத்திக்கு வேண்டிய கடினம் வராது.

ஒரு சின்ன அரம் கொண்டுபோங்கள். வாய் ஓரத்தில் லேசாக இழுத்தால் அரம் கடிக்காமல் வழுக்க வேண்டும், அல்லது அரும்பாடுபட்டுக் கடிக்க வேண்டும். வெண்ணெயாக இழைத்தால் அது பதம், அதாவது கடினம், ஏறாத இரும்பு. முதுகில் இழுத்தால் அரம் கடிக்கும், கடிக்கத்தான் வேண்டும். சாணையில் வைக்கும்போது பொறியையும் கவனியுங்கள்: ஜன்னல் கம்பி மாதிரி மெல்லிரும்பின் பொறி நீளமாக ஓடி அடங்கும், கார்பன் உள்ள எஃகின் பொறி நுனியில் கிளைகிளையாக வெடிக்கும்.

பட்டா என்பதாலேயே எல்லாம் நல்லதாகிவிடாது. பல லட்சம் கிலோமீட்டர் பாரம் சுமந்த பட்டாவில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம், முக்கியமாக நடு ஆணித்துளையைச் சுற்றி. நல்ல ஆசாரி அந்தப் பகுதியை வெட்டி ஒதுக்கிவிடுவார்.

கேள்வி: புதுக்கத்தி. ஒரே வாரம். சிரட்டையில் பட்டதும் வாய் பிறைபிறையாகத் தெறித்துவிட்டது. "சாணை பிடிச்சாப் போதும்" என்கிறார் ஆசாரி. போதுமா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: தெறித்த இடத்தின் உள்முகத்தை வெயிலில் பாருங்கள், பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது. மங்கலான சாம்பல் நிறத்தில் நெருக்கமாக இருந்தால் எஃகு நன்றாக இருக்கிறது, பதம்தான் கூடிப்போயிருக்கிறது. கல்லுப்பு மாதிரி மினுமினுவென்று இருந்தால் உலையில் அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்டது. எஃகுக்குள் இருக்கும் நுண்மணிகள் பெருத்துவிட்டன. இரண்டாவதற்குச் சாணை மருந்தாகாது. திரும்ப உலையில் வைத்து, செஞ்சூடேற்றிக் காற்றில் ஆறவிடுவதை இரண்டு மூன்று முறை செய்து, புதிதாகத் தோய்த்தெடுக்க வேண்டும். தயங்காமல் திருப்பிக் கொண்டுபோங்கள்.

தோய்ச்சலில் நடப்பதைத் தெரிந்துகொண்டால் இந்தப் பேச்சு உங்களுக்கே எளிதாகும். சிரட்டைக்கரி உலையில் கத்தியை 800 முதல் 850 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சுகிறார்கள். காந்தம் ஒட்டாமல் போவது 770 டிகிரி வாக்கில். அதற்குச் சற்று மேலே போனால் போதும். பட்டறை இருட்டாக வைத்திருப்பது இந்த நிறத்தைக் கண்ணால் சரியாகப் பிடிக்கத்தான். நல்ல வெளிச்சத்தில் சிவப்பு மங்கலாகத் தெரியும். இன்னும் காயட்டும் என்று விட்டால் காய்ச்சல் மிஞ்சிவிடும். அப்புறம் எண்ணெயிலோ தண்ணீரிலோ தோய்ப்பார்கள். பட்டா எஃகு எண்ணெய்க்கு உரியது. முழு அலகையும் பச்சைத் தண்ணீரில் முக்கினால் விரிசல் விடலாம்.

தோய்த்தவுடன் வாய் கண்ணாடியாக இருக்கும், தட்டினால் உடையும். அதனால் பதத்தை இறக்க வேண்டும். பழக்கப்பட்ட கை இதை ஒரே காய்ச்சலில் முடித்துவிடும்: வாயை மட்டும் தோய்த்து எடுத்து, கல்லால் ஒரு தேய்ப்பு தேய்த்து வெள்ளை காட்டி, முதுகில் மிச்சமிருக்கும் சூடு கீழே இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். வெளிர் மஞ்சள், வைக்கோல் நிறம், பழுப்பு, ஊதா, நீலம் என்று நிறங்கள் வரிசையாக நகரும். வைக்கோல் கடந்து பழுப்பு வாயைத் தொடும்போது, அதாவது 240 முதல் 260 டிகிரியில், மறுபடி தோய்த்து நிறுத்துவார். முதுகு அப்போது நீலத்தில் இருக்கும். அதனால் அடி தாங்கும். இந்தச் சில நொடிகளைப் பார்க்க வாய்த்தால் விடாதீர்கள். கத்தியின் விலையில் பாதி அங்கேதான் தீர்மானமாகிறது. உங்கள் ஆசாரி இந்த இறக்கத்தை விட்டிருக்கலாம், அல்லது அவசரத்தில் சீக்கிரமே நிறுத்தியிருக்கலாம்.

எதிர்ப்பக்கக் குறையும் உண்டு. வாய் தெறிக்காமல் மடங்கிக்கொண்டால் உடனே பழி போடாதீர்கள். உலையில் மேல்தோல் கார்பனை இழந்திருக்கும். இரண்டு மூன்று முறை தீட்டியபின் உள் எஃகு வெளியே வந்து கத்தி தேறிவிடும். அதற்குப் பிறகும் மடங்கினால்தான் பதம் போதவில்லை என்று பொருள்.

கேள்வி: சாணைக்காரர் மெஷினில் பிடித்துக் கொடுத்ததும் வாயோரம் நீலம் பாய்ந்திருக்கிறது. அழகாகத்தான் இருக்கிறது...
– வாசகர், கூடலூர்

பதில்: அந்த இடத்தில் சூடு 300 டிகிரியைத் தொட்டுவிட்டது; பதம் இறங்கிவிட்டது. நீலம் தீரும்வரை கல்லில் கையால் தீட்டி எடுங்கள். அடுத்த முறை ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணீரில் முக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் 1,800 ரூபாய்க்கு அலையலையாகக் கோடு ஓடும் டமாஸ்கஸ் கத்தி. வாங்கலாமா?
– வாசகர், பாலக்காடு

பதில்: டமாஸ்கஸ் என்று இப்போது விற்பது அடுக்கெஃகு. உண்மையானதென்றால் நிக்கல் கலந்த எஃகையும் சாதாரண கார்பன் எஃகையும் அடுக்கி, காய்ச்சி ஒட்டி, மடித்து மடித்து அடித்து, கடைசியில் ஃபெரிக் குளோரைடில் நனைப்பது. நிக்கல் அடுக்கு வெள்ளையாக நிற்கும், மற்றது கறுக்கும். அந்த உழைப்பு இந்த விலைக்குள் அடங்குவது கடினம். முதுகைப் பாருங்கள்: பக்கவாட்டில் ஓடும் கோடு முதுகிலும் தொடர வேண்டும். ஸ்டெயின்லெஸ் தகட்டில் லேசரால் வரைந்ததென்றால் முதுகு மொட்டையாக இருக்கும்.

பழைய தென்னாட்டு உருக்கு வேறு வகை. மூசையில், அதாவது மண்குடுவையில், உருக்கிய கட்டிக்குள்ளேயே கோலம் உருவாகும், அடுக்கினால் வருவதல்ல. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் அந்தத் தொழிலின் தடயங்கள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. தென்னாட்டு உருக்கு என்று சொல்லி விற்கும் புதுக்கத்திகளில் பல அடுக்கெஃகுதான். அடுக்கெஃகிலும் அருமையான வேலைகள் உண்டு. பெயரை மாற்றி விற்பதைத்தான் ஏற்க முடியாது.

கேள்வி: சமையலுக்கு ஒரு நல்ல பிச்சாத்தி செய்து வாங்கினேன். சரியாக வந்திருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க வழியுண்டா?
– வாசகி, குமுளி

பதில்: விரல் கனத்துக்கு ஒரு பித்தளைக் கம்பியை மேசையில் கிடத்துங்கள். கத்தியின் வாயை அதன்மேல் சுமார் 15 டிகிரி சாய்த்து வைத்து மெல்ல அழுத்தினால், வாய் நூலிழை அளவு வளைவது வெளிச்சத்தில் தெரியும். கையை எடுத்ததும் நேரானால் பதம் சரி. வளைந்தபடியே நின்றால் மென்மை. பொடிந்தால் பதம் கூடுதல். வாய்க்குச் சற்று மேலே கனம் அரை மி.மீட்டருக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேலிருந்தால் எவ்வளவு தீட்டினாலும் கேரட் நறுக்கும்போது பிளக்கத்தான் செய்யும். முதுகை வானத்துக்கு நேரே பிடித்து நேர்கோடா என்று பாருங்கள். ஆணித்தலைகளில் விரலை ஓட்டினால் தட்டக் கூடாது. மரத்துக்கும் எஃகுக்கும் நடுவே நகம் நுழையக் கூடாது, நுழைந்தால் மீன் நீர் அங்கேயே தங்கும்.

கேள்வி: நாகர்கோவிலில் செய்து வாங்கிய வெட்டுக்கத்தியைப் பேருந்தில் கேரளத்துக்குக் கொண்டுவருவதில் சிக்கல் உண்டா?
– வாசகர், பாறசாலை

பதில்: 2016 ஆயுத விதிகளின் பட்டியலில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள் வருகின்றன, வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. ஆனாலும் வாய்க்கு உறை போட்டு, சாக்கில் சுற்றிக் கட்டி, பட்டறை ரசீதோடு கொண்டுபோங்கள். வாங்கும்போது ஆசாரி பெயர், முகவரி, காரணம் கேட்டு எழுதினால் கோபப்பட வேண்டாம். அப்படிக் குறித்து வைக்கும்படி தமிழகக் காவல்துறை 2021-ல் பட்டறைக்காரர்களிடம் சொல்லியிருக்கிறது. விமானத்தில் கைப்பையில் வைக்கக் கூடாது, ஒப்படைக்கும் பெட்டியில்தான்.

கேள்வி: மழைக்காலத்தில் துரு பிடித்துத் தொலைக்கிறது. ஸ்டெயின்லெஸ்ஸுக்கே போய்விடலாமா?
– வாசகி, கொல்லங்கோடு

பதில்: வேண்டாம். புளியும் எலுமிச்சையும் பட்டுக் கருத்துப்போவது துருவல்ல. அந்தக் கருமை துருவைத் தடுக்கும், தேய்த்துப் போக்காதீர்கள். சிவப்பாகப் பொரிவதுதான் துரு. வெட்டி முடித்த கையோடு கழுவித் துணியால் துடைத்து, இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவுங்கள். மாதக்கணக்கில் எடுக்காமல் வைப்பதென்றால் தையல் மெஷின் எண்ணெய் மேல். சமைக்குமுன் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளலாம். தோல் உறைக்குள் போட்டு வைக்கவே கூடாது, தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பலாப்பழம் அறுக்குமுன் அலகு முழுக்க எண்ணெய் பூசினால் பலாவின் அரக்கு (பால்பிசின்) ஒட்டாது. பொரிந்த துருவை 400 எண் நீர்த்தாளால் (வாட்டர் பேப்பர்) எண்ணெய் விட்டுத் தேய்த்து எடுத்து, 1000 எண் கல்லில் வாயைத் தீட்டி முடியுங்கள்.