குடிக்காதவனுக்கு அங்கே என்ன இருக்கிறது?

அன்புள்ள சார்,

மோசல் ஆற்றோரம் நண்பர்களோடு நான்கு நாள் சுற்றியதை எழுதியிருந்தீர்கள். வரும் செப்டம்பரில் நாங்கள் ஐந்து பேர் ஜெர்மனி போகிறோம். அதில் நானும் இன்னொருவரும் குடிப்பதில்லை. ஒயின் ஊர்களில் எங்களுக்கு என்ன வேலை? பேசாமல் பெர்லினிலேயே இருந்துவிடலாமா?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

எங்கள் நால்வரில் குடிக்காதவன்தான் கார் ஓட்டினான். நாங்கள் கோப்பைக்குள் மூக்கை விட்டு ஆப்பிள் வாசனையா பீச் வாசனையா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அவன் ஊரைச் சுற்றிவிட்டு வருவான். அந்தப் பயணத்தில் அதிகம் பார்த்தவன் அவன்தான்.

பிரெம் என்ற ஊரில் எங்களைக் கால்மோண்ட் சரிவில் ஏற்றியதும் அவனே. ஐரோப்பாவிலேயே மிகச் செங்குத்தான திராட்சைத் தோட்டம் என்கிறார்கள். சில இடங்களில் சாய்வு 65 டிகிரி வரை போகிறது. படகிலிருந்து பார்த்தால் மலைமேல் பச்சைச் சேலையைக் காயப்போட்ட மாதிரி இருக்கும். ஏறினால்தான் சேதி தெரியும். வழியில் ஏணி, பிடித்துக்கொள்ள இரும்புக் கயிறு, காலடியில் மண்ணைவிட அதிகமாக உடைந்த சிலேட்டுச் சில்லுகள். ஒன்றாம் வகுப்பில் நாம் எழுதி எச்சில் தொட்டு அழித்தோமே, அந்தக் கல். மாலையில் ஒரு சில்லை எடுத்தேன், வெயில் இறங்கிய பிறகும் சூடாக இருந்தது. பகலில் வாங்கிய சூட்டை ராத்திரியில் கொடிக்குத் திருப்பிக் கொடுக்கும். அவ்வளவு வடக்கே ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் திராட்சை பழுக்கிறதென்றால் இந்தக் கல்லுக்கும் அதில் பங்கு உண்டு.

அங்கே டிராக்டர் ஏறாது. ஒற்றைத் தண்டவாளத்தில் பல்சக்கரம் கடித்து ஏறும் குட்டி வண்டி ஆளையும் சுமையையும் மேலே கொண்டுபோகிறது. மற்றதெல்லாம் கைவேலை. மழையில் சரிந்து வந்த மண்ணை அந்தக் காலத்தில் முதுகில் சுமந்து மறுபடி மேலே கொட்டினார்களாம். முதல் நாள் பாட்டில் விலையைக் கேட்டு முனகிய நண்பன், இறங்கி வந்ததும் பேசாமல் இரண்டு வாங்கினான்.

அப்புறம் ட்ரியர். மார்க்ஸ் 1818இல் பிறந்த ஊர். சுங்க எல்லைகள் திறந்து வெளி ஒயின் வந்து விழுந்ததில் மோசல் விவசாயிகள் நொடித்துப்போனார்கள். அவர்கள் துயரத்தைப் பற்றி 1843இல் அவர் பத்திரிகையில் எழுதினார். தன்னைப் பொருளாதாரத்தின் பக்கம் திருப்பிய விஷயங்களில் அதுவும் ஒன்று என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அவர் பிறந்த வீட்டை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் அந்தச் சரிவில் ஏறிவிட்டுப் போய்ப் பாருங்கள்.

அதே ஊர் அருங்காட்சியகத்தில் நொய்மாகன் என்ற மோசல் கரை ஊரில் கிடைத்த ரோமானியக் கல் கப்பல் ஒன்று இருக்கிறது. 3ஆம் நூற்றாண்டு ஒயின் வியாபாரி ஒருவரின் கல்லறைச் சிற்பம் என்கிறார்கள். பீப்பாய்கள், வரிசையாகத் துடுப்புகள், நடுவே வாய் நிறையச் சிரிக்கும் ஒரு தாடிக்காரர். அவர் என்ன குடித்திருந்தார் என்று எங்களுக்குள் பெரிய விவாதம்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பெர்லினை இரண்டு நாள் குறைத்துக்கொண்டு போய் வாருங்கள். செருப்போடு மலை ஏறாதீர்கள். ஒயின் கடைகளில் திராட்சைச் சாறு கேளுங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள். கார் சாவியை மட்டும் முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.