மேக் மெனு பாரில் வைக்க எந்த சிஸ்டம் மானிட்டர் ஆப் நல்லது?

கேள்வி: மேக்புக்கில் சிபியூ, மெமரி, சூடு, நெட் வேகம் எல்லாவற்றையும் மெனு பாரிலேயே பார்க்க வேண்டும். ஸ்டாட்ஸ், ஐஸ்டாட் மெனுஸ் என்று ஏகப்பட்டது இருக்கிறது. எதை எடுக்கலாம்? காசு கொடுத்து வாங்குவதில் அர்த்தம் இருக்கிறதா?

பதில்:

ஸ்டாட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். இலவசம், ஓப்பன் சோர்ஸ், கிட்ஹப்பில் கிடைக்கும். கட்டளை வரியிலிருந்து ஆப்களை நிறுவ உதவும் ஹோம்ப்ரூ வைத்திருப்பவர்கள் அதிலிருந்தே நிறுவிக்கொள்ளலாம். நிறுவியதும் நெட்வொர்க், மெமரி இரண்டை மட்டும் ஆன் செய்துவிட்டு மீதி எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஒரு மாதம் அப்படியே ஓடட்டும். அதற்கப்புறமும் ஏதோ குறைகிறது என்று தோன்றினால் ஐஸ்டாட் மெனுஸ் வாங்கலாம். பெரும்பாலானவர்களுக்குத் தோன்றாது என்றுதான் நினைக்கிறேன்.

"எல்லாவற்றையும்" என்று கேட்டிருக்கிறீர்களே, அதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. நாள் முழுக்கக் கண்ணெதிரே ஒரு எண் ஓடுகிறது என்றால், அது மாறும்போது நீங்கள் ஏதாவது செய்ய வேண்டும்: ஒரு டேபை மூட வேண்டும், ஒரு டவுன்லோடை நிறுத்த வேண்டும், சார்ஜரைத் தேட வேண்டும். எதுவும் செய்யப் போவதில்லை என்றால் அந்த எண் அங்கே எதற்கு? ஆப்பைத் தேர்ந்தெடுப்பதைவிட, எந்த எண்ணை வைப்பது என்று முடிவு செய்வதுதான் முக்கியம். இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த எண்களில் பாதி, பார்த்தவுடன் நாம் நினைக்கிற அர்த்தத்தில் இருப்பதில்லை.

மெமரியை எடுத்துக்கொள்ளுங்கள். 16 ஜிபி ரேமில் 13 ஜிபி போய்விட்டது என்று காட்டும். உடனே பதறி ஒவ்வொரு ஆப்பாக மூட ஆரம்பிப்பவர்கள் நிறையப் பேர். மேக்ஓஎஸ் ரேமைக் காலியாக வைத்திருக்க முயல்வதே இல்லை. திறந்த கோப்புகளை, மறுபடி தேவைப்பட்டால் உடனே எடுக்கக் கேஷாக அதில் போட்டு வைக்கும், வேறு ஆப் கேட்டால் விட்டுக்கொடுக்கும். 2013-இல் வந்த மேவரிக்ஸ் பதிப்பிலிருந்து, கொஞ்ச நேரமாகத் தொடாத மெமரியைச் சுருக்கி வைக்கும் வேலையையும் செய்கிறது. அதனால் "பயன்பாட்டில் 80 சதவீதம்" என்பதை மட்டும் வைத்து கணினி திணறுகிறதா, நிம்மதியாக இருக்கிறதா என்று சொல்லவே முடியாது.

அதைச் சொல்வது மெமரி பிரஷர். மேக்குடனேயே வரும் ஆக்டிவிட்டி மானிட்டர் ஆப்பில் மெமரி பக்கத்தின் அடியில் பச்சை, மஞ்சள், சிவப்பாக ஒரு வரைபடம் வருமே, அதுதான். ஸ்டாட்ஸில் மெமரி விட்ஜெட்டின் நிறத்தைப் பிரஷரை வைத்து மாறும்படி அமைக்கலாம். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன், எண்ணைப் படிப்பதே இல்லை. பச்சையாக இருக்கும் வரை 13 ஜிபியோ 15 ஜிபியோ எனக்குக் கவலை இல்லை. மஞ்சளானால் ஐகானைக் கிளிக் செய்து, எந்த ஆப் அதிகம் தின்கிறது என்ற பட்டியலைப் பார்ப்பேன். பெரும்பாலும் பிரவுசராகத்தான் இருக்கும்.

ஸ்வாப்பையும், அதாவது ரேமில் இடம் போதாமல் டிஸ்குக்குத் தள்ளப்படும் மெமரியையும், இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கொஞ்சம் ஸ்வாப் இருப்பது தப்பே இல்லை. நீங்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே அது விடாமல் ஏறிக்கொண்டு போனால்தான் ரேம் போதவில்லை என்று அர்த்தம். அப்போதும் "மெமரி கிளீனர்" என்ற பெயரில் வரும் ஆப்களின் பக்கம் போகாதீர்கள். அவை கேஷை விரட்டிவிட்டு எண்ணை அழகாகக் காட்டும். விரட்டியதையெல்லாம் கணினி மறுபடி டிஸ்கிலிருந்து படிக்க வேண்டியிருக்கும்.

சிபியூ சதவீதம் இதைவிடக் குழப்பம், அதுவும் ஆப்பிளின் சொந்தச் சிப்களான ஆப்பிள் சிலிக்கான் வந்த பிறகு. எம்1 சிப்பில் எட்டு கோர்கள். நான்கு வேகமானவை, நான்கு சிக்கனமானவை. ஸ்பாட்லைட் தேடலுக்காகக் கோப்புகளை இன்டெக்ஸ் செய்வது, பேக்கப் போன்ற பின்னணி வேலைகளை மேக்ஓஎஸ் சிக்கனக் கோர்களுக்குத்தான் தள்ளிவிடும். அந்த நான்கும் முழுசாக ஓடினால் மொத்தக் கணக்கில் 50 சதவீதம் என்று வரும். பாதி சக்தி போய்விட்டதே என்று தோன்றும். உண்மையில் வேகமான நான்கு கோர்களும் உங்களுக்காகச் சும்மா காத்துக்கொண்டிருக்கின்றன. போதாததற்கு, பின்னணி வேலைக்கு அந்தச் சிக்கனக் கோர்கள் முழு வேகத்தில்கூட ஓடுவதில்லை. எம்1-இல் அவற்றால் 2 கிகாஹெர்ட்ஸ் வரை போக முடியும், ஆனால் பின்னணி வேலை என்றால் 1 கிகாஹெர்ட்ஸுக்குக் கொஞ்சம் கீழேயே நிறுத்திவிடும். அந்த வேகத்தில் முழுசாக ஓடினாலும் மீட்டரில் 100 சதவீதம்தான்.

ஆகவே சிபியூவைக் காட்டியே ஆக வேண்டும் என்றால், இரண்டு வகைக் கோர்களையும் பிரித்துக் காட்டும் ஆப்பாகப் பாருங்கள். ஸ்டாட்ஸ், ஐஸ்டாட் மெனுஸ் இரண்டுமே கிளிக் செய்தால் தனித்தனியாகக் காட்டும். இன்னொன்று: ஆப் வாரியான பட்டியலில் ஒன்றுக்கு நேராக 300 சதவீதம் என்று வந்தால் பயப்பட வேண்டாம். ஒரு கோர் முழுசாக ஓடினால் 100 என்பது கணக்கு. 300 என்றால் மூன்று கோர் அளவு வேலை.

இந்தப் பட்டியலில் அடிக்கடி பலரைப் பயமுறுத்தும் பெயர் கெர்னல் டாஸ்க், மேக்ஓஎஸின் சொந்தப் புரொசஸ். வைரஸ் என்று நினைப்பவர்களும் உண்டு. மற்ற ஆப்கள் சிபியூவைப் பிழிந்து சூடேற்றும்போது, அவற்றுக்குச் சிபியூ கிடைக்காமல் தானே இடத்தைப் பிடித்துக்கொண்டு சூட்டைக் குறைப்பது அதன் வேலைகளில் ஒன்று. அது மேலே வந்தால் அதைக் குறை சொல்லாமல் கீழே யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். அதேபோல் சிஸ்டம் அப்டேட் முடிந்த கையோடு ஸ்பாட்லைட் சம்பந்தப்பட்ட புரொசஸ்கள் நெடுநேரம் ஓடும். அதை மீட்டரில் பார்த்துக்கொண்டு உட்காருவதில் பயனில்லை, சார்ஜரில் போட்டுவிட்டுப் போய்விடலாம்.

சூடு பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். கனமான வேலை கொடுத்தால் இந்தச் சிப்கள் 90 டிகிரியைத் தாண்டும், தேவைப்பட்டால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எம் வரிசை மேக்புக் ஏரில் ஃபேனே கிடையாது, ஆகவே எண்ணைப் பார்த்து நீங்கள் செய்யக்கூடியதும் ஒன்றுமில்லை. ஃபேன் உள்ள கணினியிலும், அதை ஆப் வழியாக நாமே கட்டுப்படுத்தும் வசதியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதற்கு அட்மின் உரிமையுடன் ஓடும் ஒரு துணை நிரலை நிறுவச் சொல்வார்கள். ஸ்டாட்ஸை உருவாக்கியவரே, ஃபேன் கட்டுப்பாட்டுக்கு இனி திருத்தங்கள் வராது என்று எழுதி வைத்திருக்கிறார்.

நெட்வொர்க் வேகம் மட்டும் நான் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைப்பது. வீடியோ கால் திணறும்போது சிக்கல் நம் பக்கமா எதிர்ப் பக்கமா, ஏதாவது ஒரு ஆப் ரகசியமாக கிளவுடுக்கு எதையோ ஏற்றிக்கொண்டிருக்கிறதா என்பது ஒரு பார்வையில் தெரிந்துவிடும். ஆனால் எந்த அலகில் காட்டுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நெட் திட்டங்கள் மெகாபிட்டில் விற்கப்படுகின்றன, மீட்டர்கள் பெரும்பாலும் மெகாபைட்டில் காட்டுகின்றன. 100 மெகாபிட் இணைப்பு முழு வேகத்தில் ஓடினாலும் 12.5 மெகாபைட்தான். "நூறுக்குக் காசு கட்டினேன், பன்னிரண்டுதான் வருகிறது" என்று சண்டைக்குப் போவதற்கு முன் அமைப்பில் அலகை மாற்றிப் பார்த்துவிடலாம்.

அடுத்தது, மானிட்டரே தின்னும் தீனி. ஒவ்வொரு முறை எண்ணைப் புதுப்பிக்கும்போதும் ஆப் கண் விழித்து, கணினியிடம் கேட்டு, படம் வரைய வேண்டும். ஒரு நொடிக்கு ஒரு முறை, ஆறேழு விட்ஜெட்டுகள், ஒவ்வொன்றிலும் வரைபடம் என்றால் பேட்டரியில் அது தெரியும். வயிற்றெரிச்சல் என்னவென்றால் பேட்டரியைக் காப்பாற்றத்தான் பலர் இதை நிறுவுகிறார்கள். ஸ்டாட்ஸில் சென்சார்கள், புளூடூத் ஆகிய இரண்டு பகுதிகள்தான் மிகவும் கனமானவை; அவற்றை அணைத்தால் சில சமயம் பாதி வரை சுமை குறையும் என்று அதன் குறிப்பிலேயே இருக்கிறது. புதுப்பிக்கும் இடைவெளியையும் கூட்டிவிடுங்கள். ஆப்பிளின் ஆக்டிவிட்டி மானிட்டரே சாதாரண நிலையில் 5 நொடிக்கு ஒரு முறைதான் புதுப்பிக்கிறது. மெமரிக்கு 5 நொடி தாராளம், நெட்வொர்க்குக்கு 2 நொடி. எந்த ஆப்பைப் போட்டாலும் ஒரு நாள் கழித்து ஆக்டிவிட்டி மானிட்டரின் எனர்ஜி பக்கத்தில் "12 மணி நேர பவர்" என்ற வரிசையில் அது எங்கே நிற்கிறது என்று பாருங்கள். முதல் ஐந்துக்குள் இருந்தால் அமைப்பைக் குறையுங்கள், அல்லது தூக்கிவிடுங்கள்.

இடம் இன்னொரு பிரச்சினை. 2021-இல் மேக்புக் புரோவிலும் 2022-இல் ஏரிலும் நாட்ச் வந்தது, அதாவது திரையின் மேல் நடுவில் கேமராவுக்கான வெட்டு. மெனு பாரில் ஐகான்கள் நிறைந்துவிட்டால் மீதமுள்ளவை நாட்சுக்குப் பின்னால் சத்தமில்லாமல் மறைந்துவிடும். ஆப் ஓடிக்கொண்டிருக்கும், ஐகான் மட்டும் இருக்காது. "நிறுவினேன், எதுவும் வரவில்லை" என்ற புகார்களில் ஒரு பங்கு இதுதான். எனவே எழுத்துகளும் எண்களுமாகப் பரத்தாமல் சின்ன பட்டை விட்ஜெட்டாக வையுங்கள். நெட்வொர்க் வேகத்தை மேலும் கீழுமாக இரண்டு வரியில் காட்டும் வடிவம் இடத்தை மிச்சப்படுத்தும். 9 என்பது 10 ஆகும்போதெல்லாம் பக்கத்து ஐகான்கள் இடமும் வலமும் துள்ளுவது எனக்குத் தாங்கவே தாங்காது, அகலம் மாறாத விட்ஜெட்டாகப் பார்த்து எடுங்கள்.

சரி, ஐஸ்டாட் மெனுஸ். ப்ஜாங்கோ என்ற நிறுவனத்துடையது, நெடுங்காலமாக இருக்கிறது, 2024-இல் ஏழாம் பதிப்பு வந்தது. ஒரே சந்தாவில் பல மேக் ஆப்களைத் தரும் செட்ஆப் சேவையில் இருப்பவர்களுக்கு அதிலேயே கிடைக்கும், முதலில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். காசுக்குக் கிடைப்பது என்ன? பழைய கணக்கை நெடுநேரம் பின்னோக்கிப் பார்க்கும் வரைபடங்கள், குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் அறிவிக்கும் வசதி, எல்லாவற்றையும் ஒரே மெனுவில் அடக்கும் வடிவம், நல்ல கடிகாரமும் காலண்டரும். ஸ்டாட்ஸிலும் அறிவிப்பு உண்டு, ஆனால் இதில் நேர்த்தி அதிகம். நீண்ட ரெண்டரிங், கோடு பில்ட் என்று ஓட்டிவிட்டு "ராத்திரி மூன்று மணிக்கு என்ன நடந்தது?" என்று கேட்பவராக இருந்தால் வாங்குங்கள். "இப்போது என்ன நடக்கிறது?" என்பது மட்டுமே உங்கள் கேள்வி என்றால் ஸ்டாட்ஸ் போதும்.

மற்றவற்றில் மெனுமீட்டர்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய மேக்காரர்களுக்குப் பிரியமான ஆப். 2015-இல் வந்த எல் கேப்பிட்டன், அது மெனு பாரில் தொற்றிக்கொண்டிருந்த பழைய வழியை அடைத்துவிட்டது. வேறொருவர் எடுத்து மாற்றி எழுதியதால்தான் பிழைத்தது. இதிலிருந்து ஒன்றைக் கவனிக்கலாம். இந்த வகை ஆப்கள் கணினியின் உட்பகுதியைத் தொடுபவை. சிப் தலைமுறை மாறும்போது சென்சார்களின் பெயர்களே மாறுகின்றன. ஆகவே நிறுவுவதற்கு முன் கடைசி அப்டேட் எப்போது வந்தது என்று பாருங்கள். இயூஎல் என்று ஒன்று பார்க்க அழகாக இருக்கும், ஆனால் வெகுகாலமாக அப்டேட் இல்லை, அதனால் தவிர்க்கலாம். ரன்கேட் என்று இன்னொன்று இருக்கிறது. மெனு பாரில் ஒரு பூனை ஓடும், சிபியூ வேலை கூடக் கூட வேகமாக ஓடும். விளையாட்டு மாதிரி தெரியும், ஆனால் சிபியூவுக்கு எண்ணைவிடப் பூனையே மேல் என்பது என் கட்சி.

எதையுமே நிறுவ விருப்பம் இல்லாதவர்கள் ஆக்டிவிட்டி மானிட்டரைத் திறந்து, வியூ மெனுவில் டாக் ஐகானில் சிபியூ வரைபடம் காட்டச் சொல்லலாம். மெனு பாரில் வராது, டாக்கில் வரும். பலருக்கு அதுவே போதும்.

ஆப் ஸ்டோரிலிருந்து மட்டும்தான் எடுப்பேன் என்று இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: அங்கே இருக்கும் ஆப்கள் சாண்ட்பாக்ஸ் என்ற கட்டுப்பாட்டு வளையத்துக்குள் ஓட வேண்டும் என்பதால், சென்சார், ஃபேன் போன்றவற்றுக்கு அவற்றின் கை எட்டாது, அல்லது தனியாக ஒரு துணை நிரலை இறக்கச் சொல்லும். அப்புறம், நெட்வொர்க் பகுதியில் உங்கள் பொது ஐபி முகவரியைக் காட்டும் வசதி இருந்தால், அதற்காக ஆப் வெளியே ஒரு சர்வரைக் கேட்கிறது என்று அர்த்தம். தேவையில்லை என்றால் அணைத்துவிடுங்கள். பிடிக்காமல் ஆப்பை நீக்கும்போதும், துணை நிரல் நிறுவியிருந்தால் முதலில் ஆப்பின் அமைப்புக்குள் போய் அதை நீக்கிவிட்டு, அதன் பிறகு ஆப்பைக் குப்பையில் போடுங்கள்.