முட்டை சேராத பிள்ளைக்கு 16 மாத ஊசி போடலாமா?

கேள்வி: குளச்சல் பக்கம் கடலோர ஊர் எங்களுக்கு. மகளுக்கு 18 மாதம், எடை 10 கிலோ. ஒரு வயதில் அவித்த முட்டை கொடுத்தபோது உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்துவிட்டது. எனக்கும் இறால் சேராது. 9 மாத ஊசி போட்டாயிற்று, 16 மாத ஊசி போடவில்லை. 'அலர்ஜி உள்ள பிள்ளைக்கு ஊசி குத்தினால் ஆபத்து' என்று மாமியார் தடுக்கிறார். செவிலியர் இரண்டு முறை வந்து கூப்பிட்டுவிட்டார். என்ன செய்வது?

பதில்: போடலாம் சகோதரி. வரும் புதன்கிழமையே கூட்டிப் போங்கள். மாமியாரைக் குறை சொல்ல வேண்டாம், உதடு வீங்கிய பிள்ளையின் முகத்தை நேரில் பார்த்தவர் அவர். ஆனால் அவரிடம் தடுப்பூசி அட்டையை எடுத்துக் காட்டுங்கள். 9 மாதத்தில் போட்ட அதே எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா) ஊசிதான் இப்போதும். அன்று பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள்.

தட்டம்மைக் கிருமியைக் கோழிக்கரு உயிரணுவில் வளர்த்துச் செய்யும் மருந்தில்கூட முட்டைப் புரதம் இம்மியளவுதான். அதனால் முட்டை ஒவ்வாமையைக் காரணம் காட்டி இதை நிறுத்துவதில்லை. முன்கூட்டித் தோலில் சோதிக்கவும் தேவையில்லை. கூடவே போடும் டி.பி.டி. (தொண்டை அடைப்பான், கக்குவான், டெட்டனஸ்) ஊசியில் முட்டையே கிடையாது. இறால் எந்தத் தடுப்பூசியிலும் இல்லை. (மஞ்சள் காய்ச்சல் ஊசி மட்டும் வேறு. அது கோழி முட்டையிலேயே வளர்வது. கப்பல் வேலைக்காக அதைப் போடுகிறவர்கள் முட்டை சேராது என்றால் மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டும்.)

செவிலியர் கேட்காவிட்டாலும் நீங்களே யோசித்துச் சொல்ல வேண்டியவை இவை: முன்பு ஊசி போட்ட சில மணி நேரத்துக்குள் தடிப்போ மூச்சிரைப்போ வந்ததா? ஜெலட்டின் சேர்த்த ஜெல்லி மிட்டாய் தின்று முகம் வீங்கியதா? நியோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்தால் மூச்சு முட்டியதா? ஒன்றுக்காவது 'ஆமாம்' என்றால் ஊர் முகாமில் போடாமல், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டிவிட்டுப் போடுங்கள். ஊசி போடும் நாளில் பிள்ளைக்கு மூச்சு இழுப்பு இருந்தால், அடங்கும்வரை பொறுங்கள்.

'பயத்துக்கு ஒரு செட்டிரிசின் (அலர்ஜி மருந்து) கொடுத்துக் கூட்டிப் போ' என்று யாராவது சொல்வார்கள். கொடுக்காதீர்கள். கடும் ஒவ்வாமையை அது தடுக்காது, முதலில் தெரியவேண்டிய தடிப்பை மட்டும் மறைத்துவிடும்.

வலது மேற்கையில் எம்.ஆர். அரை மில்லி, இடது தொடையில் டி.பி.டி. அரை மில்லி, வாயில் போலியோ சொட்டு. பிறகு 30 நிமிடம் அங்கேயே உட்காருங்கள். பிள்ளையின் சட்டையைத் தூக்கி வயிறு, முதுகு, கழுத்தைப் பாருங்கள். அழுது முகம் சிவப்பது சாதாரணம். உடம்பெங்கும் திட்டுத்திட்டாகத் தடிப்பது, குரல் கம்முவது, விடாத இருமல், இழுப்பு, திரும்பத் திரும்ப வாந்தி, துவண்டு போவது ஆகியவைதான் ஆபத்தின் அடையாளம். அப்போது முதல் மருந்து அட்ரினலின்: 10 கிலோ பிள்ளைக்கு 0.1 மில்லி, தொடைத் தசையில். இதைப் போடச் செவிலியருக்குப் பயிற்சி உண்டு. அவில் என்ற அலர்ஜி ஊசி போட்டுப் பார்க்கலாம் என்று காத்திருந்தால் நேரம் போய்விடும். 'அட்ரினலின் இருக்கிறதா அக்கா?' என்று ஊசிக்கு முன்பே கேளுங்கள், தப்பில்லை. அமெரிக்காவில் 2.5 கோடி ஊசிகளை ஆராய்ந்ததில் இப்படிக் கடும் ஒவ்வாமை வந்தது 33 பேருக்கு.

பிறகு வருவதையும் அலர்ஜி என்று எண்ணிவிடாதீர்கள். இரண்டு நாள் தொடை வீங்கிக் காய்ச்சல் அடிப்பது டி.பி.டி.யால். 7 முதல் 12 நாளுக்குள் லேசான காய்ச்சலும் சிவப்புப் பொரியும் வந்தால் அது எம்.ஆர். வேலை செய்வது, தானாக அடங்கும். இதைப் பார்த்துத்தான் பல வீடுகளில் 'ஊசி சேரவில்லை' என்று அடுத்ததை நிறுத்திவிடுகிறார்கள்.

9 மாதத்தில் போட்ட ஒரே ஊசி நூற்றில் சுமார் 15 பிள்ளைகளுக்குப் பலிக்காது. இரண்டாவது ஊசி அவர்களுக்காகத்தான். உங்கள் பிள்ளை அந்தப் பதினைந்தில் ஒருத்தியா என்று வெளியே பார்த்தால் தெரியாது. தட்டம்மைக் கிருமியோ நோயாளி எழுந்து போன பிறகும் 2 மணி நேரம் வரை அறையின் காற்றில் நிற்கும். தாமதமாகிவிட்டதே என்று கவலை வேண்டாம், முதலிலிருந்து தொடங்கவும் வேண்டாம். விட்ட இடத்திலிருந்து போட்டால் போதும். அட்டையில் 'முட்டை ஒவ்வாமை' என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.