கணினி கேள்வி பதில்: ஹார்ட் டிஸ்க்குகளை எப்படி அமைப்பது?

கேள்வி: உதிரிப் பாகங்களை வாங்கி நானே கணினி ஒன்றை அமைத்து வருகிறேன். 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (சிப்களில் சேமிக்கும் அதிவேக வகை), புதிய 4 டிபி ஹார்ட் டிஸ்க், பழைய கணினியிலிருந்து கழற்றிய 1 டிபி ஹார்ட் டிஸ்க் ஆகியவை கைவசம் உள்ளன. எதில் எதை வைக்க வேண்டும், எத்தனை பகுதிகளாகப் பிரிக்க வேண்டும் என்பதை விளக்க வேண்டுகிறேன்.

பதில்: வேகத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால், இழந்தால் திரும்பக் கிடைப்பவை எவை, கிடைக்காதவை எவை என்று உங்கள் கோப்புகளைப் பிரித்துப் பாருங்கள். விண்டோஸ், புரோகிராம்கள், விளையாட்டுகள் ஆகியவை அழிந்துபோனால் மறுபடி நிறுவிக்கொள்ளலாம். குடும்பப் புகைப்படங்கள், கணக்குகள், நீங்கள் எழுதியவை, வரைந்தவை ஆகியவற்றை மறுபடி நிறுவ முடியாது. இந்த இரண்டு வகையும் ஒரே இடத்தில் கலந்து கிடப்பதால்தான், விண்டோஸ் கெட்டுப்போய் சி டிரைவை ஃபார்மேட் செய்த பிறகு, டெஸ்க்டாப்பில் வைத்திருந்த ஃபோல்டர் ஒன்று நினைவுக்கு வந்து மனம் பதறுகிறது.

ஆகவே விண்டோஸும் புரோகிராம்களும் எஸ்எஸ்டியில் இருக்கட்டும். விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடிப் படிக்கிறது. சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் ஒவ்வொரு தேடலுக்கும் அதன் முனை நகர்ந்து சேர ஏறத்தாழ 10 மில்லி விநாடி ஆகும் என்பதால், அந்தச் சிறு தாமதங்கள் சேர்ந்து நிமிடக் கணக்கில் நம்மைக் காக்க வைக்கும். எஸ்எஸ்டியில் நகரும் பாகமே இல்லை. மாறாக, ஒரு திரைப்படக் கோப்பையோ புகைப்படத் தொகுப்பையோ வரிசையாகப் படிக்க ஹார்ட் டிஸ்க்கின் வேகமே தாராளமாகப் போதும். எனவே அவை 4 டிபி டிஸ்க்கில் இருக்கட்டும்.

எஸ்எஸ்டியைத் துண்டு போடாதீர்கள். சி டிரைவுக்கு 100 ஜிபி மட்டும் ஒதுக்கிவிட்டு மீதியை வேறு டிரைவுகளாகப் பிரிப்பவர்கள், சில மாதங்களில் சி நிரம்பிப் பக்கத்து டிரைவில் இடம் வீணாகக் கிடப்பதைப் பார்க்கிறார்கள். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் என்ற கருவி ஒரு பகுதியை அதன் வலப்பக்கம் ஒட்டினாற்போல் உள்ள, ஒதுக்கப்படாத இடத்துக்குள் மட்டுமே நீட்டிக்கும். பக்கத்து டிரைவில் இருக்கும் காலியிடம் அதற்கு உதவாது. 4 டிபி டிஸ்க்கையும் ஒரே பகுதியாக வைத்து, உள்ளே ஃபோல்டர்களாகப் பிரித்துக்கொள்வதே என் பரிந்துரை. அதைத் தயார் செய்யும்போது, டிஸ்க்கின் பகுதிகளைப் பற்றிய குறிப்பை எழுதிவைக்க எம்பிஆர், ஜிபிடி என்று இரு முறைகள் காட்டப்படும். எம்பிஆர் முறையில் 2 டிபிக்கு மேல் உள்ள இடத்தை வழக்கமாகப் பயன்படுத்த முடியாது என்பதால் ஜிபிடியைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்து, டாகுமெண்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற ஃபோல்டர்களைப் பெரிய டிஸ்க்குக்கு மாற்றுங்கள். ஃபோல்டர் மீது வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ், லொகேஷன், மூவ் என்று செல்ல வேண்டும். அதற்கு முன் அந்தப் பெரிய டிஸ்க்கில், அதாவது டி டிரைவில், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஃபோல்டர் உருவாக்கிவிடுங்கள். டி டிரைவையே நேரடியாகத் தேர்வு செய்துவிட்டால், பிறகு அந்த அமைப்பை மாற்றுவது பெரும்பாடாகிவிடும். டிரைவ் எழுத்துகளையும் தொடக்கத்திலேயே முடிவு செய்யுங்கள். புரோகிராம்கள் கோப்பு இருக்கும் இடத்தை எழுத்தோடு சேர்த்தே நினைவில் வைத்திருக்கும்.

பழைய 1 டிபி டிஸ்க்கைக் கேபினெட்டுக்குள் பொருத்த வேண்டாம். யுஎஸ்பி மூலம் இணைக்கும் வெளிப்புறப் பெட்டி ஒன்றில் அதை வைத்து, திரும்பக் கிடைக்காத கோப்புகளின் நகலுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். நகல் எடுத்ததும் கழற்றிவிடுங்கள். ஒரே பவர் சப்ளையில் மின்சாரம் பெறும் டிஸ்க்குகள், அது பழுதானால் எல்லாமே ஒரே நேரத்தில் போகக்கூடும். ஆனால் பழைய டிஸ்க்கை நம்புவதற்கு முன் டிஸ்க் தன் நிலையைத் தானே பதிவு செய்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையைப் பாருங்கள். மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டார்கள் (செக்டார் என்பது தரவு எழுதப்படும் சிறு கட்டம்), நிலுவையில் உள்ள செக்டார்கள் ஆகிய இரண்டு வரிகளிலும் பூஜ்ஜியம் இருக்க வேண்டும். அந்த எண்கள் ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்கை ஒதுக்கிவிடுங்கள்.

கேள்வி: விண்டோஸ் நிறுவும்போது எல்லா டிஸ்க்குகளையும் இணைத்தே வைக்கலாமா?

பதில்: வேண்டாம். விண்டோஸ் போகவேண்டிய எஸ்எஸ்டி மட்டும் இருக்கட்டும். மற்றவற்றின் கேபிள்களைக் கழற்றிவிடுங்கள். பல டிஸ்க்குகள் இருக்கும்போது, விண்டோஸ் எஸ்எஸ்டியில் இறங்கினாலும், கணினியைத் தொடங்கி வைக்கும் சிறு பகுதி வேறொரு டிஸ்க்கில் போய் உட்கார்ந்துவிடக்கூடும். ஓரிரு ஆண்டுகள் கழித்து அந்த டிஸ்க்கைக் கழற்றினால் கணினி தொடங்காது. பழுதே இல்லாத எஸ்எஸ்டி மீது பழி விழும். தவறான டிஸ்க்கை ஃபார்மேட் செய்துவிடும் ஆபத்தும் இதனால் நீங்குகிறது.

கேள்வி: என் மதர்போர்டில் எம்.2 எஸ்எஸ்டி (மதர்போர்டிலேயே நேரடியாகச் செருகும் வகை) பொருத்திய பிறகு, ஏற்கெனவே சாட்டா கேபிளில் வேலை செய்துகொண்டிருந்த ஹார்ட் டிஸ்க் தென்படவில்லை. டிஸ்க் பழுதாகிவிட்டதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. பல மதர்போர்டுகளில் எம்.2 இணைப்பும் குறிப்பிட்ட சில சாட்டா போர்ட்டுகளும் தரவு செல்லும் ஒரே தடத்தைப் பகிர்ந்துகொள்கின்றன; எம்.2வில் எஸ்எஸ்டி ஏறியதும் அந்தப் போர்ட்டுகள் செயலிழக்கும். எவை என்பது மதர்போர்டு கையேட்டில் இருக்கும். கேபிளை வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள்.

பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் மதர்போர்டின் அமைப்புத் திரையில்) தெரிந்து விண்டோஸில் தெரியவில்லை என்றால் டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து பாருங்கள். அங்கே டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்யவா, அதாவது புதிதாகத் தயார் செய்யவா, என்று கேட்டால், புத்தம் புதிய டிஸ்க்காக இருந்தால் மட்டும் சம்மதியுங்கள். தரவு உள்ள பழைய டிஸ்க் என்றால் கேன்சல் செய்துவிட்டு, அதில் எதையும் எழுதாமல் காரணத்தைத் தேடுங்கள்.

ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கழற்றி மாட்டக்கூடிய கேபிள்களைக் கொண்ட பவர் சப்ளையை மாற்றினால், பழைய கேபிள்களைப் புதியதில் செருகவே கூடாது. டிஸ்க்கில் மாட்டும் முனை எல்லாவற்றிலும் ஒன்றுதான். பவர் சப்ளையில் செருகும் முனையின் கம்பி வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம், சில நேரம் மாடலுக்கு மாடல் மாறும். 5 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 12 வோல்ட் பாய்ந்தால், சுவிட்ச் போட்ட நொடியிலேயே டிஸ்க்கின் சர்க்யூட் எரிந்துபோகக்கூடும்.

கேள்வி: 4 டிபி என்று அச்சிட்டிருக்கிறது, விண்டோஸ் 3.63 டிபி என்கிறது. மீதி எங்கே?

பதில்: எதுவும் குறையவில்லை. தயாரிப்பாளர் 1 டிபியை 1,00,000 கோடி பைட் என்று கணக்கிடுகிறார். விண்டோஸ் 1,024-இன் மடங்குகளில் கணக்கிட்டுவிட்டு அதே பெயரைப் போடுகிறது.

கேள்வி: ஒரே அளவுள்ள இரண்டு டிஸ்க்குகளை ரெய்டு 1 முறையில் இணைத்துவிட்டால் பேக்கப் தேவையில்லை அல்லவா?

பதில்: கட்டாயம் தேவை. ரெய்டு 1 ஒரு டிஸ்க்கில் எழுதுவதை அதே நேரத்தில் இன்னொன்றிலும் எழுதுகிறது. ஒரு டிஸ்க் செயலிழந்தால் வேலை நிற்காது என்பது அதன் பயன். ஆனால் நீங்கள் தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டிலும் அழியும். வைரஸ் ஒன்று உங்கள் கோப்புகளைப் பூட்டினால் இரண்டிலும் பூட்டும். வீட்டுக் கணினிக்கு, இரண்டாவது டிஸ்க்கை ரெய்டில் சேர்ப்பதைவிட, வாரம் ஒருமுறை இணைத்து நகல் எடுத்துவிட்டுக் கழற்றி வைப்பதையே நான் சொல்வேன். முடிந்தால் இன்னொரு நகலை வேறு கட்டடத்தில் வையுங்கள். நகல் எடுத்ததோடு நிற்காமல், சில கோப்புகளை அந்த நகலிலிருந்தே திறந்து, சரியாகத் திறக்கின்றனவா என்று பாருங்கள்.