21ஆ, 31ஆ? அத்தான் எந்தக் கத்தியைக் கொண்டுவரட்டும்?

கேள்வி: புறக்கோட்டையில் புடைவைக்கடை வைத்திருக்கிறேன். பொதி பிரிப்பது, டேப் அறுப்பது, பின்னேரம் மாம்பழம் வெட்டுவது எல்லாவற்றுக்கும் ஒரே மடக்குக் கத்திதான். டிசெம்பரில் ரொறன்ரோவிலிருந்து அத்தான் வருகிறார். கிறிஸ் ரீவ் கொம்பனியின் செபென்சா மடக்குக் கத்தி ஒன்று வாங்கி வருகிறாராம். புதிய 31 மொடலா, அல்லது 100 டொலர் குறைவாகக் கிடைக்கும் பாவித்த 21 மொடலா என்று கேட்கிறார். 31இல் எல்லாவற்றையும் திருத்திவிட்டார்கள் என்கிறார்கள் விற்பவர்கள். உண்மையில் திருத்தமா, விலையை ஏற்ற ஒரு சாட்டா?
- வாசகர், வெள்ளவத்தை

பதில்: டேப் அறுக்க மட்டும் என்றால் உங்கள் கடைக்குப் பக்கத்திலேயே விற்கிற கட்டர் போதும். அதைச் சொல்லாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது. சரி, 400 டொலருக்கு மேல் போகிற கத்தியைத்தான் வாங்குவது என்று முடிவெடுத்துவிட்டீர்கள். 100 டொலர்தான் வித்தியாசம் என்றால் நான் 31 பக்கம். ஆனால் விற்பவர் சொல்கிற காரணத்துக்காக அல்ல.

அவர்கள் முதலில் காட்டுவது பூட்டில் இருக்கும் செராமிக் குண்டை. செபென்சாவில் பூட்டுக்கென்று தனித் துண்டு கிடையாது. டைட்டானியக் கைப்பிடியின் ஒரு பக்கத்தையே நாக்குப் போல வெட்டிவிட்டிருப்பார்கள். கத்தியை விரித்ததும் அந்த நாக்கு உள்ளே சரிந்து அலகின் அடிக்கு முட்டுக்கொடுக்கும். இந்த அமைப்பைக் கொண்டுவந்தவரே கிறிஸ் ரீவ்தான். 2008இல் வந்த 21இல் டைட்டானியம் நேரே அலகின் உருக்கில் முட்டுகிறது. சில கத்திகளில் அது ஒட்டிப் பிடித்து, மழைக்காலக் கதவு மாதிரிப் பெருவிரலுக்கு இடக்குப் பண்ணும். வருடக்கணக்கில் கொஞ்சம் தேயவும் செய்யும். 2019 கடைசியில் வந்த 31இல் நாக்கின் நுனியில் பதித்த குண்டுதான் அலகைத் தொடுகிறது. மடித்திருக்கும்போது அலகு தானாக விரியாமல் பிடிப்பதும் அதே குண்டுதான். செராமிக் லேசில் தேயாது.

இது திருத்தந்தான். ஆனால் புதிது அல்ல. 2012இல் வந்த செபென்சா 25இலேயே இந்தக் குண்டு இருந்தது, அப்புறம் அதே கொம்பனியின் இன்னொரு மொடலான இன்கோசியில் தொடர்ந்தது. அதனால் உங்களை வைத்துப் பரீட்சித்துப் பார்க்கிறார்கள் என்ற பயம் வேண்டாம். அதே நேரம், நண்பர் ஒருவர் பத்து வருடம் மாடாக உழைக்க வைத்த 21ஐ விரித்துப் பார்த்தேன்: தேயத் தேய நாக்கு உள்ளே நகர்ந்துகொண்டே போகும், ஆனால் அதில் நாக்கு அலகின் அடித் தடிப்பில் பாதியைக்கூடத் தாண்டவில்லை. 21இன் பூட்டு தேய்ந்துபோகும் என்று யாராவது பயமுறுத்தினால் சிரித்துவிட்டு வாருங்கள்.

உங்களுக்கு முதல் நாளே தெரியப்போகிற மாற்றம், கத்தியைப் பொக்கற்றில் மாட்டுகிற கிளிப். 21இல் அதன் நுனி அந்தப் பூட்டு நாக்கின் மேலேயே உட்கார்ந்திருக்கும். 31இல் கிளிப்பைச் சாய்த்து, நுனியை அசையாத பகுதியில் ஊன்றிவிட்டார்கள். அழுத்தம் பூட்டில் விழுவதில்லை. பார்க்க யாரோ அவசரத்தில் கோணலாகப் பூட்டியது போலத்தான் இருக்கும். நாளுக்கு ஐம்பது தடவை கத்தியைத் திறந்து மூடுகிற கைக்கு அது பெரிய உதவி. கயிறு கட்டுவதற்கென்று 21இல் இருந்த சிறு குறுக்கு ஊசியை 31இல் எடுத்துவிட்டார்கள். அதை முன்னேற்றம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கொழும்புக்கு முக்கியமானது உருக்கு. கடற்கரையோர வீட்டில் ஜன்னல் கொக்கி என்ன பாடுபடுகிறது என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. போதாக்குறைக்குப் புளிப்பு மாங்காய்ச் சாறு வேறு. இங்கேதான் மொடல் எண் ஆளை ஏமாற்றும். 31 என்றாலே ஒரே உருக்கு அல்ல: எஸ்35விஎன்னில் தொடங்கி, எஸ்45விஎன்னுக்குப் போய், பிறகுதான் மேக்னாகட்டுக்கு வந்தது. பிந்திய 21களில் இருப்பதும் அதே எஸ்35விஎன்தான். முதல் வருட 31 ஒன்றை எடுத்தால் உருக்கில் நீங்கள் கண்ட லாபம் ஒன்றுமில்லை. மேக்னாகட் என்றால் கதை வேறு. லாரின் தாமஸ் என்ற உலோகவியலாளர் வடிவமைத்து 2021இல் வெளிவந்த உருக்கு அது. எஸ்35விஎன்னில் குரோமியம் 14 சதவீதம், இதில் 10.7தான். ஆனாலும் துருவை இதுதான் நன்றாகத் தாங்கும். துருவைத் தடுப்பது குரோமியம். மற்றதில் அதன் ஒரு பங்கு கார்பைடு என்ற கடினமான நுண்மணிகளுக்குள் அடைபட்டுக் கிடக்க, இதில் கிட்டத்தட்ட முழுவதும் உருக்கில் கரைந்து காவல் நிற்கிறது.

ஆகவே அத்தான் மொடலைக் கேட்பதோடு நிற்காமல், எந்த உருக்கு என்றும் கேட்கட்டும். பெட்டிக்குள் கத்தி பிறந்த திகதி எழுதிய அட்டை ஒன்று இருக்கும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். அட்டையை மட்டும் நம்பவும் முடியாது. செபென்சாவுக்குப் போலி ஏராளம், ஒன்லைனில் அரை விலைக்குக் கிடைத்தால் அது அதுவல்ல. பாவித்த 21ஐத்தான் எடுப்பது என்றால், விரித்து அலகை மேலும் கீழும் ஆட்டிப் பார்க்கவேண்டும். இம்மியளவு ஆட்டமும் இருக்கக்கூடாது. மடித்தால் அலகு கைப்பிடியின் இரண்டு தகட்டுக்கும் நடுவில் நிற்கவேண்டும். சாணை இயந்திரத்தில் கொடுத்துத் தீட்டி முனை வட்டமான கத்தி என்றால் 100 டொலர் அல்ல, 200 டொலர் குறைத்தாலும் வேண்டாம்.

டேப் பசை உள்ளே போய் இறுகுவதுதான் உங்கள் தொழிலில் வரப்போகிற தலைவலி. இரண்டு மொடலையும் வீட்டிலேயே கழற்றித் துடைக்கலாம், கொம்பனியே அதற்குத் திறப்பும் கிறீஸும் தருகிறது.

கொண்டுவருவதற்கு முன் சுங்கத்தில் ஒருதடவை விசாரித்துவிடுங்கள். அத்தானிடமும் மறக்காமல் சொல்லுங்கள்: கத்தி பெரிய பெட்டிக்குள் போகவேண்டும். கைப்பையில் வைத்தால் அது ரொறன்ரோ விமான நிலையத்தைத் தாண்டாது.