மனைவியின் 40 பவுனும் மச்சினரின் கேரவனும்

கேள்வி: கம்பம் பக்கம் 2 ஏக்கர் பன்னீர் திராட்சை, வண்டன்மேட்டில் 4 ஏக்கர் ஏலத்தோட்டம் குத்தகை. நல்ல வருஷத்தில் செலவு போக 9 லட்சம் நிற்கும். மனைவியின் 40 பவுன் நகை வங்கியில் இருக்கிறது. அதன் மேல் 14 லட்சம் கடன், வட்டி 9.5 சதவீதம். 5 வருஷம் முன்பு இது 5 லட்சம்தான். நடுவில் மனைவியின் தம்பிக்கு மொபைல் கடை வைக்க 3 லட்சம், அந்தக் கடை நொடித்தபோது 2 லட்சம் கூடுதலாக வாங்கினேன். இப்போது அவர், இசுஸு வி-கிராஸ் பிக்கப் வாங்கி, அதன் பின்னால் மாட்டி இழுக்கும் கேரவன் ட்ரெய்லர் ஒன்றும் செய்து, வாகமன், தேக்கடி வரும் சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்கிறார். பிக்கப் சாலை விலை 32 லட்சம், ட்ரெய்லர் 12 லட்சம். இரவுக்கு 6,000 ரூபாய், மாதம் 20 இரவு என்பது அவர் கணக்கு. நகையை மாற்றி வைத்தால், அதாவது பழைய கடனை முடித்து இன்றைய விலைக்கு மறுபடி அடகு வைத்தால், 20 லட்சம் வரை கிடைக்கும் என்று வங்கி மதிப்பீட்டாளர் சொல்கிறார். அந்தக் கூடுதல் 6 லட்சத்தை முன்பணமாகக் கட்டலாமா? மீதித் தொகைக்கான கடன்களும் என் பெயரில்தான் வாங்க வேண்டும். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

பதில்: வட்டி, தவணை பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2019-ல் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை போனதையும், மூன்று வருஷத்துக்குள் ஆயிரத்துக்குக் கீழே விழுந்ததையும் பார்த்தவர் நீங்கள். விலை ஏறும், இறங்கும் என்று தெரிந்த ஒருவர் தங்கத்தில் மட்டும் அதை மறந்துவிட்டீர்களே என்பதுதான் என் கவலை.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிய விஷயம் பிக்கப்பும் இல்லை, கேரவனும் இல்லை. 'மாற்றி வைத்தால் கூடுதலாகக் கிடைக்கும்' என்ற வரிதான். 5 வருஷமாக அந்த 40 பவுனில் ஒரு குன்றிமணி கூடவில்லை. கடன் மட்டும் 5-லிருந்து 14 லட்சம் ஆகிவிட்டது. நீங்கள் கையில் வாங்கியது 5, 3, 2 என்று மொத்தம் 10 லட்சம். மீதி 4 லட்சம் எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு வருஷமும் கட்ட வேண்டிய வட்டியையும் புதுக்கடனிலேயே கழித்துக்கொண்டிருக்கிறீர்கள். தங்கம் விலை ஏறியதால் வங்கியும் தடுக்கவில்லை, உங்களுக்கும் உறுத்தவில்லை. வட்டி கட்டிவிட்டோம் என்ற திருப்தியோடு வீட்டுக்கு வந்திருப்பீர்கள். உண்மையில் வட்டி அசலாகி, அதற்கும் வட்டி ஓடுகிறது. 2013 ஏப்ரலில் இரண்டே நாளில் உலகச் சந்தையில் தங்கம் பத்து சதவீதத்துக்கு மேல் சரிந்தது. அப்படி ஒரு வாரத்தில் உங்கள் கெடு தேதி வந்தால், கூடுதலாகக் கிடைக்காது. வித்தியாசத்தை நீங்கள்தான் கையிலிருந்து கட்ட வேண்டும்.

சரி, மச்சினரின் கணக்கையும் பார்த்துவிடலாம். முன்பணம் 6 லட்சம் போக பிக்கப்புக்கு 26 லட்சம் கடன். 10 சதவீதம், 7 வருஷம் என்றால் மாதம் சுமார் 43,000. ட்ரெய்லருக்கு 12 லட்சம் தனிநபர் கடன், 14 சதவீதம், 5 வருஷம் என்றால் 28,000. நகைக்கடன் 20 லட்சமாகிவிட்டால் அதன் வட்டி மட்டும் மாதம் 16,000. இன்சூரன்ஸ், டயர், பராமரிப்புக்கு 10,000 ஒதுக்குங்கள். மொத்தம் 97,000.

வரவு? சனி, ஞாயிறும் பண்டிகை நாளும் சேர்த்து மாதம் 9 இரவு நிரம்பினாலே நல்ல வியாபாரம். இடுக்கியில் மழைக்காலம் எத்தனை மாதம் என்று உங்களுக்கே தெரியும். டீசல், நிறுத்தும் இடத்துக்கு வாடகை, துணி வெளுப்பு, காஸ் போக இரவுக்கு 4,500 நின்றால், மாதம் 40,000. குறைவு 57,000, அதாவது வருஷத்துக்கு ஏறத்தாழ 7 லட்சம். உங்கள் 9 லட்சத்தில் 7 லட்சம் கேரவன் பின்னால் போய்விடும், அதுவும் நல்ல வருஷத்தில். 2024 வெயிலில் ஏலச்செடி கருகிய மாதிரி ஒரு வருஷம் வந்தால் என்ன செய்வீர்கள்? மறுபடியும் மதிப்பீட்டாளரிடம்தான் போவீர்கள்.

வண்டி பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், அதுவும் கடைசியில் பணமாகத்தான் முடிகிறது. ஆஸ்திரேலியாவில் டி-மேக்ஸ், ஹைலக்ஸ் போன்ற பிக்கப்கள் பிரேக் உள்ள ட்ரெய்லரை 3,500 கிலோ வரை இழுக்கும் என்பார்கள். வீடியோ பார்த்துவிட்டு மச்சினர் அதைத்தான் சொல்கிறார் என்று நினைக்கிறேன். அங்கே ஓடும் டி-மேக்ஸில் பெரும்பாலும் 3 லிட்டர் எஞ்சின், 450 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இழுவிசை. அதே டி-மேக்ஸின் இந்திய வடிவமான நம் வி-கிராஸ் 1.9 லிட்டர், 360. ட்ரெய்லர் வெறும் எடை 1,800 கிலோ என்றால், தண்ணீர், பேட்டரி, ஏசி, காஸ், சாமான் ஏறியதும் 2,200 தாண்டும். அதில் 10 முதல் 15 சதவீதம், அதாவது 220 முதல் 330 கிலோ, பிக்கப்பின் கொக்கி மேல் உட்காரும். ஏறும் ஆட்களும் மூட்டைகளும் அதற்கு மேல். இந்த எல்லாமும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மொத்த எடைக்குள் அடங்க வேண்டும். கொக்கியை விட்டு ட்ரெய்லரின் பின்பக்கம் எடை சாய்ந்தாலும் ஆபத்து. வேகத்தில் வால் ஆட ஆரம்பித்துவிடும். லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறுவது இருக்கட்டும், இறங்கும்போது ட்ரெய்லருக்குத் தனி பிரேக் இல்லாமல் பிக்கப்பின் பிரேக்கை மட்டும் நம்பினால் உயிருக்கே உத்தரவாதமில்லை. ஐயப்பன் சீசனில் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடும் நாட்களில், அந்த வளைவுகளில் பின்னால் ஒரு வீட்டை மாட்டிக்கொண்டு போவதை யோசித்துப் பாருங்கள்.

ட்ரெய்லருக்கும் தனிப் பதிவு வேண்டும். பட்டறையில் அழகாகச் செய்து கொடுத்துவிடுவார்கள், ஆர்.டி.ஓ.வில் அது நிற்குமா என்பது வேறு கேள்வி. வெள்ளை நம்பர் பலகையோடு, அதாவது சொந்த உபயோகப் பதிவோடு, வாடகைக்கு விட்டு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் கையை விரிக்கலாம். 2021-ல் கேரளா 'கேரவன் கேரளா' திட்டத்தை அறிவித்து, வாகமனில் கேரவன் பூங்கா வந்ததிலிருந்து இந்த ஆசை எல்லையோரம் முழுவதும் பரவியிருக்கிறது. ஆசை தப்பில்லை. ஆனால் முதலாளி ஒருவர், கையெழுத்து இன்னொருவர் என்று இருக்கக் கூடாது.

இனி செய்ய வேண்டியது. மதிப்பீட்டாளர் 20 லட்சம் தரலாம் என்றால், நகை மதிப்பில் 75 சதவீதம் வரைதான் வங்கி தரும் என்ற கணக்கில் அதன் மதிப்பு சுமார் 26.5 லட்சம், அவர் மதிப்பீட்டின்படி பவுனுக்கு 66,000. அதில் 10 பவுனை விற்றுவிடுங்கள். மனைவி அணியாத, அறுந்துபோன உருப்படிகளாகப் பார்த்து அவரே எடுத்துக் கொடுக்கட்டும். 6.6 லட்சம் வந்தால் கடன் 7.4 லட்சமாகிவிடும், வருஷ வட்டி 1.33 லட்சத்திலிருந்து 70,000-க்கு இறங்கிவிடும். விற்பனைக்கு மூலதன ஆதாய வரி வருமா என்று ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். 'விலை ஏறும்போது விற்கலாமா' என்பீர்கள். விலை இனியும் ஏறும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, 9.5 சதவீத வட்டி மட்டும் நிச்சயம்.

மீதி 30 பவுனை ஒரே கடனாக வைக்காதீர்கள். மூன்று தனித்தனிக் கடன்களாகப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு அறுவடைக்கும் ஒரு பொட்டலம், சுமார் 2.5 லட்சமும் வட்டியும் கட்டித் திருப்பிவிடலாம். 14 லட்சம் ஒரே சீட்டாக இருந்தால் ஒரு வளையல்கூட வீட்டுக்கு வராது. அப்புறம், செயலியில் 'நகை ஓவர்டிராஃப்ட், வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம்' என்று இப்போது ஒன்று விற்கிறார்கள். உங்களைப் போன்றவர்களுக்கு அது வேண்டவே வேண்டாம். வருஷத்துக்கு ஒருமுறை செய்யும் தப்பை வாரத்துக்கு ஒருமுறை செய்ய வைக்கும்.

மச்சினரிடம் கோபப்படாதீர்கள். கடை நொடித்தவருக்கு எழுந்து நிற்கும் வேகம் இருப்பது நல்லதுதான். ஏற்கெனவே அனுமதியோடு ஓடும் கேரவன் வைத்திருப்பவர்களுக்கு ஆள் பிடித்துக் கொடுத்து, ஒரு சீசன் கமிஷன் சம்பாதித்துக் காட்டட்டும். எத்தனை இரவு நிரம்புகிறது என்பது அப்போது அவர் நோட்டிலேயே இருக்கும். தோட்டத்துக்கு வண்டி தேவை என்று பிக்கப்பை நியாயப்படுத்தாதீர்கள், ஆட்களையும் மூட்டையையும் ஏற்ற வாடகை ஜீப் தினமும் கிடைக்கிறது.

மனைவியிடம் இன்றைக்கே சொல்லுங்கள். அது அவருடைய நகை. 14 லட்சம் என்ற எண், 4 லட்சம் வட்டி, தம்பிக்குப் போன 5 லட்சம், மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். 'அக்கா நகை வீட்டுக்கு வரும்வரை மாமா கையெழுத்துப் போடமாட்டார்' என்று தம்பியிடம் அவர் சொன்னால், அதற்கு மேல் பேச்சு வளராது. கெடு தேதிக்கு பதினைந்து நாள் முன்பே வங்கிக்குப் போய், கூடுதல் தொகை வேண்டாம் என்றும் மூன்று கடனாகப் பிரிக்க வேண்டும் என்றும் எழுதிக் கொடுங்கள். வட்டியை மட்டும் திராட்சைப் பணத்திலிருந்து தனியாக எடுத்துப் போங்கள்.