வாசகர் கேள்வி–பதில்: நடுங்கும் குறி, இழுக்கும் பைக்

கே: பெரிய பந்தை உள்ளங்கையால் உருட்டி ஆடும் பழைய மேசை கேம் மெஷின் எங்கள் கடையில் இருக்கிறது. மேலும் கீழும் ஒழுங்காகப் போகிறது. இடம் வலமாக உருட்டினால் குறி நின்ற இடத்திலேயே நடுங்குகிறது. பந்தை மாற்ற வேண்டுமா?
– வாசகர், தேவனாம்பட்டினம், கடலூர்

ப: வேண்டாம், கோளாறு பந்தில் இல்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பந்தைத் தூக்கிப் பாருங்கள். குறுக்கும் நெடுக்குமாக இரண்டு உருளைத் தண்டுகள், எதிர் மூலையில் ஒரு சின்ன பேரிங். இந்த மூன்றின் மேல்தான் பந்து உட்காருகிறது. தண்டின் முனையில் காடி வெட்டிய வட்டு சுற்றும். வட்டின் ஒரு பக்கம் அகச்சிவப்பு எல்.இ.டி., மறுபக்கம் இரண்டு சென்சார். எந்தச் சென்சாருக்கு முதலில் ஒளி மறைகிறதோ அதை வைத்துத்தான் போர்டு திசையை அறிகிறது. ஒன்று செத்துவிட்டால் எண்ணிக்கை ஒன்று ஏறும், உடனே ஒன்று இறங்கும். அந்த நடுக்கம் இதுதான்.

முதலில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பட்ஸால் சென்சார்களைத் துடையுங்கள். தீராவிட்டால், இரண்டு சென்சார் போர்டுக்கும் தனித்தனி கனெக்டர் இருந்தால், இடம் மாற்றிச் செருகுங்கள். நடுக்கம் மேல்–கீழாக மாறினால் சென்சார் போர்டு பழுது. இடம்–வலமாகவே நின்றால் வயர் அல்லது மெயின் போர்டு. பிறகு கரண்ட் கொடுத்து, வட்டை விரலால் மெல்லச் சுற்றி மல்டிமீட்டரில் பாருங்கள்: 5 வோல்ட் போர்டில் ஒவ்வொரு சென்சாரும் 0க்கும் 5க்கும் அருகே மாறி மாறிக் குதிக்க வேண்டும். பிக்சர் டியூப் பக்கம் மட்டும் கை போகவே கூடாது; அங்கே ஆளைக் கொல்லும் வோல்டேஜ்.

பேரிங்கையும் சுற்றிப் பாருங்கள். 1978இல் அட்டாரியின் ‘ஃபுட்பால்’ என்ற பந்து உருட்டும் கேம் வந்த காலம் முதல் இந்தப் பந்துகள் வாங்குவது சாதாரண அடி இல்லை. கடற்கரைக் காற்றில் சாதா பேரிங் சீக்கிரம் துருப்பிடிக்கும், எவர்சில்வர் பேரிங்குக்குக் கூடுதல் காசு கொடுப்பது நியாயம். பேரிங்குக்குள் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் போதும். உருளையில் பட்டால் பந்து வழுக்கும்.

கே: ஏறி உட்கார்ந்து உடம்போடு சாய்த்து ஓட்டும் பைக் கேம். வண்டியை நேராக வைத்தாலும் திரையில் இடப்பக்கம் இழுக்கிறது.
– வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

ப: 1985இல் சேகா கொண்டுவந்த ‘ஹேங்-ஆன்’ வகை. சாய்வை அளப்பது அடியில் உள்ள பொட்டன்ஷியோமீட்டர் (தண்டைத் திருப்பினால் நடுக்காலில் வோல்டேஜ் மாறும் மூன்று கால் பாகம்). வண்டி நேராக நிற்கையில் அதன் நடுக்காலில், 5 வோல்ட் போர்டானால், சுமார் 2.5 வோல்ட் வர வேண்டும். வராவிட்டால் கியரைப் பிடிக்கும் ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். நடுவுக்குக் கொண்டுவந்து இறுக்குங்கள். மெல்லச் சாய்க்கும்போது வோல்டேஜ் துள்ளினால் உள்தடம் தேய்ந்துவிட்டது. அதே ஓம் மதிப்பில் ‘பி’ வகை (திருப்பும் அளவுக்கு ஏற்பச் சீராக மாறுவது) வாங்குங்கள். ஆம்ப்ளிஃபயர் வால்யூமுக்கு விற்கும் ‘ஏ’ வகையைப் போட்டால் ஒரு பக்கம் மந்தமாகவும் மறுபக்கம் வெடுக்கென்றும் திரும்பும். மாற்றியபின் டெஸ்ட் மோடில் நடு, இடம், வலம் மூன்றையும் மறுபடி பதியுங்கள்.